“இலவசம்” என்று ஆரம்பிக்காதீர்கள்: திறந்த மூல இணைய மென்பொருளை நிர்வாகத்திடம் கொண்டுபோகும்போது எதை எதோடு ஒப்பிடுவது?

மூலக் கோடை, அதாவது நிரல் வரிகளை, யாரும் படித்து மாற்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் திறந்த மூல மென்பொருளுக்கு மாறலாம் என்ற முன்மொழிவு பெரும்பாலும் முதல் வரியிலேயே தோற்றுவிடுகிறது. “லைசென்ஸ் கட்டணமே கிடையாது” என்று சொன்னதும் நிதிப் பொறுப்பாளர் கேட்பார்: “சர்வர் யார் தருவது? பார்த்துக்கொள்ள ஆள்?” கையில் எண் இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. எப்படியோ ஒப்புதல் வாங்கிவிட்டாலும் நிம்மதி இல்லை. ஆறு மாதத்தில் முதல் ஹோஸ்டிங் (சர்வர் வாடகை) பில் வரும்போது “இலவசம் என்றீர்களே” என்பார்கள். அடுத்த முறை நீங்கள் எதைச் சொன்னாலும் பாதிதான் நம்புவார்கள்.

விலையைவிட நிர்வாகத்தை அதிகம் உறுத்துவது இன்னொரு கேள்வி: ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? மூலக் கோடை வெளியிடாத மூடிய மென்பொருளை விற்பவரிடம் குறைந்தபட்சம் ஒரு தொலைபேசி எண்ணும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் இருக்கின்றன. அந்த ஒப்பந்தம் நஷ்டத்தை ஈடுகட்டுமா என்றால் அநேகமாக இல்லை. இழப்பீட்டு வரம்பு பெரும்பாலும் கட்டிய சந்தாத் தொகையைத் தாண்டாது. ஆனாலும் குற்றம் சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறார். திறந்த மூலத்தை முன்வைப்பவர் முதலில் நிரப்ப வேண்டியது அந்த இடத்தை.

ஒப்பிட வேண்டியவை நான்கு

“திறந்த மூலமா, மூடியதா” என்று இரண்டாகப் பிரித்தால் விவாதம் கொள்கைச் சண்டையாகிவிடும். பொதுத் தளம், உள் விக்கி (ஊழியர்களே சேர்ந்து எழுதித் திருத்தும் பக்கங்கள்), படிவங்கள் என்று நடத்தும் ஓர் அமைப்புக்கு உண்மையில் நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, விற்பனையாளரே தன் சர்வரில் நடத்தும் மூடிய சேவைக்குச் சந்தா கட்டுவது. இதை இனி வாடகைச் சேவை என்போம். இரண்டாவது, வேர்ட்பிரஸ், துருபல் (தளம் நடத்துபவை), மீடியாவிக்கி (விக்கி நடத்துவது) போன்ற திறந்த மூல மென்பொருள்களில் ஒன்றைச் சொந்த ஊழியர்களே நிறுவிப் பராமரிப்பது. மூன்றாவது, அதே மென்பொருளை வைத்துக்கொண்டு சர்வர், பேட்ச் (பிழைத் திருத்தம்), பேக்கப் ஆகியவற்றை வெளி நிறுவனத்திடம் ஒப்பந்தத்தில் விடுவது. நான்காவது, உள்ளேயே எழுதிய மென்பொருள். இந்த நான்காவதைப் பலர் ஒப்பீட்டிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் நிறைய இடங்களில் நடப்பது அதுதான். யாரோ ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போனது, பிஎச்பி என்ற நிரல்மொழியின் ஆதரவு முடிந்த பதிப்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பிஎச்பி 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள்கூட 2022 நவம்பரில் நின்றுவிட்டன. அதற்கு முந்தைய பதிப்பில் ஓடுவது எதுவாக இருந்தாலும், “மாறாமல் இருப்பதே பாதுகாப்பு” என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை.

செலவைப் பணத்தில் தொடங்காமல் மணியில் தொடங்குங்கள்

ஒவ்வோர் அமைப்பிலும் சம்பளமும் சந்தாவும் வேறு. ஆனால் வேலை நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் மணிக்கணக்கை முதலில் போட்டு, கடைசியில் பணமாக மாற்றுவது நல்லது. சுமார் 800 பக்கங்கள் உள்ள ஒரு தளத்துக்கான மாதிரிக் கணக்கு இது. எண்களை உங்கள் நிலைமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், தலைப்புகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சொந்தப் பராமரிப்பில் ஆண்டுக்கு: வாரம் 1 மணி வீதம் அப்டேட் பார்க்க 52 மணி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை வேறு சர்வரில் மீட்டுப் பார்க்க, தலா 3 மணி வீதம் 12. ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு மாற்றத்துக்கு 40. எதிர்பாராத கோளாறுகளுக்கு 24. உள்ளடக்கம் எழுதுபவர்களின் சந்தேகங்களுக்கு மாதம் 4 வீதம் 48. மொத்தம் 176 மணி, மூன்று ஆண்டுக்கு 528.

இதோடு ஒரே முறை வரும் மாற்றச் செலவு: பக்கத்துக்கு 6 நிமிடம் வீதம் 800 பக்கங்களைச் சரிபார்க்க 80 மணி, தோற்ற வடிவமைப்புக்கு 120, பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்ப 16, பயிற்சிக்கு 16. ஆக 232. எல்லாம் சேர்த்து 760 மணி.

இங்கேதான் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். திறந்த மூலத்தை ஆதரிப்பவர் 528ஐ மறக்கிறார். எதிர்ப்பவர், வாடகைச் சேவைக்கும் மணி செலவாகிறது என்பதை மறக்கிறார். ஊழியர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் 48 மணி எந்த மென்பொருளிலும் போகாது. மூன்று ஆண்டுக்கு அது 144. ஆகவே ஒப்பிட வேண்டிய வித்தியாசம் 760 கழித்தல் 144, அதாவது 616 மணி.

இப்போது பணம். வாடகைச் சேவையின் மூன்றாண்டுச் சந்தாவிலிருந்து மூன்றாண்டு ஹோஸ்டிங் செலவைக் கழியுங்கள். மீதியை 616ஆல் வகுங்கள். வரும் தொகை உங்கள் ஊழியரின் ஒரு மணி நேரச் செலவைவிட அதிகமாக இருந்தால் சொந்தப் பராமரிப்பு லாபம், குறைவாக இருந்தால் நஷ்டம். ஒரு மணி நேரச் செலவு என்பதில் சம்பளத்தோடு விடுப்பு, காப்பீடு, இடம், கருவிகள் எல்லாம் அடங்க வேண்டும். வெறும் சம்பளத்தை வகுத்துப் போட்டால் நிதிப் பிரிவு அங்கேயே பிடித்துவிடும்.

ஒப்பந்தப் பராமரிப்பில் 52 மணியும் 12 மணியும் வெளியே போகின்றன. கோளாறு நேரம் பாதியாகி 12 ஆகிறது என்று வைத்தால் ஆண்டுக்கு 100 மணி மிஞ்சும். மூன்றாண்டுக்கு 300, மாற்றச் செலவோடு 532, பொதுவான 144ஐக் கழித்தால் 388. சொந்தப் பராமரிப்போடு இதற்குள்ள வித்தியாசம் 228 மணி. பராமரிப்பு ஒப்பந்தத்தின் மூன்றாண்டுக் கட்டணத்திலிருந்து நீங்களே கட்டியிருக்கக்கூடிய சர்வர் வாடகையைக் கழித்து, அந்த 228 மணியின் மதிப்போடு வைத்துப் பாருங்கள். சர்வர் வேலை தெரிந்தவர் ஒருவரே இருக்கும் அமைப்பில், கட்டணம் சற்று அதிகமாக இருந்தாலும் மூன்றாவது வழியைத்தான் பரிந்துரைப்பேன். அந்த ஒருவர் விடுப்பில் போகும் வாரம் எந்தக் கணக்கிலும் வராது.

உள்ளேயே எழுதிய மென்பொருளுக்கு இப்படிக் கணக்குப் போட முடியாது. எழுதியவர் இருக்கும்வரை செலவு குறைவாகத் தெரியும். அவர் விலகும் மாதத்தில் மொத்தமும் ஒன்றாக வந்து சேரும்.

ஏழு மணி நேரம்

பாதுகாப்பு பற்றிப் பேசும்போது “ஆயிரம் கண்கள் பார்க்கின்றன, அதனால் பிழை இருக்காது” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கூட்டத்தில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், தளங்களின் தகவல் பரிமாற்றத்தை மறைகுறியாக்கும் திறந்த மூல மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2012 மார்ச்சில் வெளியான பதிப்போடு வந்த ஹார்ட்பிளீட் பிழை 2014 ஏப்ரல் வரை வெளியே வரவில்லை என்பதை நினைவுபடுத்துவார். எதிர்த் தரப்பும் சுத்தமில்லை. மூடிய விக்கி மென்பொருளான கான்ஃப்ளூயன்ஸில் 2022 ஜூனில் வெளிவந்த ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் வெளியாள் சர்வரில் எதையும் இயக்க வழிவிட்டது. திருத்தம் வருவதற்கு முன்பே தாக்குதலும் நடந்துகொண்டிருந்தது. ஓட்டை இரண்டு பக்கமும் உண்டு. நிர்வாகம் பார்க்க வேண்டியது, ஓட்டை தெரிந்த நேரத்திலிருந்து உங்கள் சர்வரில் திருத்தம் ஏறும் நேரம்வரை எவ்வளவு இடைவெளி, அந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு என்பதைத்தான்.

இதற்குத் துருபலின் வரலாற்றைவிட நல்ல பாடம் இல்லை. 2014 அக்டோபர் 15 அன்று துருபல் 7இல் ஒரு எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் கட்டளை மொழி) ஓட்டைக்குத் திருத்தம் வெளியானது. இரண்டு வாரம் கழித்து அதன் பாதுகாப்புக் குழு வெளியிட்ட எச்சரிக்கை: அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் திருத்தாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டுவிட்டன என்று எடுத்துக்கொண்டு செயல்படுங்கள். திருத்தம் வெளிவந்ததும் பழைய கோடையும் புதிய கோடையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். அதனால்தான் அவ்வளவு வேகம். 2018இல் அதே அளவு ஆபத்தான இன்னோர் ஓட்டை வந்தபோது குழு முறையை மாற்றிக்கொண்டது. மார்ச் 28 அன்று எந்த நேரத்துக்குள் திருத்தம் வரும் என்பதை ஒரு வாரம் முன்பே, மார்ச் 21 அன்று அறிவித்தது. ஆட்களைத் தயாராக வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

வேர்ட்பிரஸ் வேறு வழியில் போனது. 3.7 பதிப்பிலிருந்து சிறிய திருத்தங்கள் தாமாகவே ஏறிவிடும். 2017 ஜனவரி 26 அன்று 4.7.2 வெளியானபோது அதில் இருந்த மிக மோசமான ஓட்டையைப் பற்றி ஒரு வாரம் வாய்திறக்கவே இல்லை. தானியங்கி அப்டேட் உலகமெங்கும் போய்ச் சேரட்டும் என்று காத்திருந்து பிறகே விவரம் சொன்னார்கள். அதன்பின் பெருமளவில் சிதைக்கப்பட்டவை, தானியங்கி அப்டேட்டை யாரோ அணைத்து வைத்திருந்த தளங்கள். “அப்டேட் ஏறினால் ஏதாவது உடையும்” என்று அதை அணைத்து வைப்பது இன்றும் பரவலான வழக்கம். உடைந்தால் பேக்கப்பிலிருந்து மீட்கலாம். ஊடுருவியவர் எதையெல்லாம் தொட்டார் என்பதைக் கண்டுபிடிப்பது அதைவிடப் பல மடங்கு வேலை.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் வைத்து நான்கு வழிகளையும் கேள்வி கேளுங்கள். வாடகைச் சேவையில் விற்பனையாளர் திருத்துவார், எப்போது திருத்தினார் என்று உங்களுக்குத் தெரியாமலும் போகலாம். சொந்தப் பராமரிப்பில் இரவில் வரும் அறிவிப்பை யார் படிப்பார் என்பதற்கு ஒரு பெயரும் ஒரு மாற்றுப் பெயரும் வேண்டும். ஒப்பந்தப் பராமரிப்பில் “தீவிரமான ஓட்டைக்கு அறிவிப்பு வந்து இத்தனை மணி நேரத்துக்குள் திருத்தம்” என்ற வரி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். “விரைவில்” என்ற சொல் இருந்தால் கையெழுத்து வேண்டாம். உள்ளே எழுதிய மென்பொருளுக்கு அறிவிப்பே வராது. ஓட்டையை முதலில் காண்பவர் தாக்குபவராகத்தான் இருப்பார்.

கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்களான பிளகின்கள்தான் உண்மையான பலவீனம். மையக் கோடைப் பல பேர் கவனிக்கிறார்கள், ஒரு சின்னப் பிளகினைக் கவனிப்பவர் ஒரே ஒருவராக இருக்கலாம். அவர் அதை விற்றுவிடவும் செய்யலாம். சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்த டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற வேர்ட்பிரஸ் பிளகின் கைமாறிய பிறகு அதில் பின்வாசல் (வெளியாள் ரகசியமாக நுழையும் வழி) சேர்க்கப்பட்டது. 2017இல் அது அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆகவே முன்மொழிவிலேயே ஒரு விதியை எழுதிவிடுங்கள்: ஒவ்வொரு பிளகினுக்கும் ஏன் தேவை என்று ஒரு வரி, பொறுப்பாளர் பெயர், கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற குறிப்பு. ஓராண்டாகத் தொடப்படாத பிளகின் உள்ளே வரக்கூடாது. நிர்வாகப் பக்கத்திலிருந்தே கோப்புகளைத் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள், பதிவேற்றக் கோப்புறையில் பிஎச்பி இயங்காமல் சர்வர் அமைப்பில் தடுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து அரை மணி வேலை.

வெளியேறும் வழி: வலுவான வாதம், ஆனால் நேர்மையாகச் சொல்லுங்கள்

செலவில் திறந்த மூலம் ஜெயிக்கலாம், தோற்கலாம். வெளியேறும் உரிமையில்தான் அது தெளிவாக முன்னால் நிற்கிறது. விற்பனையாளர் தன் வியாபாரத் திட்டத்தை மாற்றும்போது வாங்குபவருக்கு அதில் வாக்கு இல்லை. கான்ஃப்ளூயன்ஸை விற்கும் அட்லாசியன் 2020 அக்டோபரில் தன் சர்வர் வகைப் பொருட்களை நிறுத்துவதாக அறிவித்தது. 2021 பிப்ரவரியில் புதிய விற்பனை நின்றது, 2024 பிப்ரவரி 15 அன்று ஆதரவும் முடிந்தது. தங்கள் சர்வரில் ஜிராவும் (வேலைகளைப் பின்தொடரும் மென்பொருள்) கான்ஃப்ளூயன்ஸும் வைத்திருந்தவர்கள் மேகச் சேவைக்கோ அதிக விலையுள்ள டேட்டா சென்டர் பதிப்புக்கோ போக வேண்டியிருந்தது, இல்லையென்றால் வேறு மென்பொருளைத் தேட வேண்டியிருந்தது. நிறுவனம் முறையாக மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தது. தேதியைத் தீர்மானித்தது மட்டும் அவர்கள்.

திறந்த மூலத்தில் இப்படி நடக்காது என்று சொன்னால் அது பொய். துருபல் 7இலிருந்து 8க்குப் போனது பெயருக்குத்தான் அப்டேட். 2015 நவம்பரில் வந்த 8, சிம்ஃபனி என்ற பிஎச்பி கட்டமைப்பின் கூறுகளின் மேல் மறுபடி கட்டப்பட்டது. பழைய தோற்ற வார்ப்புருக்களும் சொந்தமாக எழுதிய மாட்யூல்களும் (துருபலின் பிளகின்கள்) வேலை செய்யவில்லை, தளத்தையே திரும்ப எழுத வேண்டியிருந்தது. பலர் நகராமலே இருந்துவிட்டார்கள். துருபல் 7இன் ஆதரவு முடிவுத் தேதி பலமுறை தள்ளிப்போய் 2025 ஜனவரி 5இல்தான் முடிந்தது. 8இலிருந்து 9, 10 என்று போவது பெரிதும் எளிதாக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் ஒரு பெரிய பதிப்பின் ஆயுள் சில ஆண்டுகள்தான் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

லைசென்ஸும் மாறலாம். தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச் 2021இலும் தரவுச் சேமிப்பு மென்பொருளான ரெடிஸ் 2024 மார்ச்சிலும் திறந்த மூல உரிமத்தைக் கைவிட்டன. பிறகு இரண்டும் ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தை ஒரு தேர்வாகச் சேர்த்துக்கொண்டன, அது தனிக்கதை. கவனிக்க வேண்டியது இடையில் நடந்தது: பழைய உரிமத்தில் இருந்த கோடை எடுத்து ஓப்பன்சர்ச், வால்கீ என்ற கிளைகள் பிறந்தன. ரெடிஸின் மாற்றம் அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே திறந்த மூலத் திட்டங்களை நடத்தும் லினக்ஸ் ஃபவுண்டேஷன் வால்கீயை ஏற்றுக்கொண்டது. மூடிய மென்பொருளில் இந்த இரண்டாவது கதவே கிடையாது. நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: எந்த வழியிலும் தொந்தரவு வரும், இந்த வழியில் வந்தால் வேறு கைக்கு மாற்ற நமக்கு உரிமை உண்டு.

யார் கையில் மென்பொருள் இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். கோடின் பதிப்புரிமை முழுவதும் ஒரே நிறுவனத்திடம் இருந்து, பங்களிப்பவர்களிடமும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டிருந்தால் உரிமம் மாறுவது எளிது. நூற்றுக்கணக்கானோரிடம் பதிப்புரிமை சிதறிக் கிடக்கும் மீடியாவிக்கி, துருபல் போன்றவற்றில் அது நடைமுறையில் சாத்தியமில்லை. வேறு வகைச் சிக்கலும் உண்டு. 2024 செப்டம்பரில் வேர்ட்பிரஸ் தலைமைக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற பெரிய ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் மூண்ட சண்டையில், அந்த நிறுவனத்துக்கு வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் களஞ்சியத்தின் அணுகல் துண்டிக்கப்பட்டது. உரிமம் மாறவில்லை, கோடு அப்படியே இருந்தது. அப்டேட் வரும் குழாய் மட்டும் அடைபட்டது. டிசம்பரில் நீதிமன்ற ஆணை வந்த பிறகே அது முழுமையாகத் திறந்தது.

மாறுவது முடியும் என்பதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளம். 2009இல் துருபலுக்கு வந்தது, 2017 டிசம்பரில் வேர்ட்பிரஸுக்குப் போனது.

உரிமம் பற்றிச் சட்டப் பிரிவுக்கு

இங்கே பயம் அதிகம், விஷயம் குறைவு. வேர்ட்பிரஸ், துருபல், மீடியாவிக்கி, மூடுல் (இணையவழிப் பாடம் நடத்துவது) எல்லாம் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருபவை. மூலக் கோடைத் தர வேண்டிய கடமை, மென்பொருளை வெளியாருக்கு விநியோகிக்கும்போதுதான் எழும். சொந்தத் தளத்தை நடத்த அதை மாற்றிப் பயன்படுத்தினால் எதையும் வெளியிட வேண்டியதில்லை. கோப்புப் பகிர்வு மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுட் போன்ற ஏஜிபிஎல் மென்பொருளில் மட்டும் கூடுதல் நிபந்தனை உண்டு: கோடை மாற்றி இணையம்வழி பிறருக்குப் பயன்படத் தந்தால், அந்தப் பயனர்களுக்கு மாற்றிய மூலக் கோடும் கிடைக்க வேண்டும். மாற்றாமல் பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை. எழுதும் கட்டுரைகளும் சேர்க்கும் படங்களும் எந்த நிலையிலும் உங்களுடையவையே. இந்தப் பத்தியை ஒரு பக்கமாக்கிச் சட்டப் பிரிவுக்குக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் முதல்முறையாகக் கேட்கும் சட்ட ஆலோசகர் “ஆராய்ந்து சொல்கிறேன்” என்பதைத் தவிர வேறு சொல்ல மாட்டார்.

எந்த மென்பொருள்?

வேலை எது என்பதைப் பொறுத்தது. செய்தியும் அறிவிப்பும் எழுதும் தளம், எழுதுபவர்கள் தொழில்நுட்பம் அறியாதவர்கள் என்றால் வேர்ட்பிரஸ். பல வகைத் தரவு, பல நிலை அனுமதி, பல மொழி என்றால் துருபல். ஆனால் கம்போசர் (பிஎச்பி நிரல்தொகுப்புகளை நிறுவும் கருவி) தெரிந்த ஒருவர் நிரந்தரமாக வேண்டும். உள் ஆவணங்களுக்கு மீடியாவிக்கி பெரிது. ஐம்பது பேர் உள்ள அமைப்புக்கு டோகுவிக்கி போதும். அதற்கு டேட்டாபேஸே வேண்டாம், எல்லாம் எளிய கோப்புகள். கோப்புறையை நகலெடுத்தால் பேக்கப் முடிந்தது. மீடியாவிக்கியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது திறந்த வாசிப்புக்காகக் கட்டப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் “இவர் மட்டும் படிக்கலாம்” என்ற கட்டுப்பாடு அதன் பலம் இல்லை. சம்பள விவரத்தை அதில் வைக்காதீர்கள்.

முன்னோட்டம்: எங்கே வழுக்கும்

முழுத் தளத்தையும் மாற்ற ஒப்புதல் கேட்பதைவிட, மூன்று மாத முன்னோட்டத்துக்குக் கேட்டால் கிடைப்பது எளிது. தேர்ந்தெடுக்கும் பகுதி, எல்லோர் கண்ணிலும் படுவதாகவும் நின்றுபோனால் பெரிய சேதம் இல்லாததாகவும் இருக்க வேண்டும். உள் விக்கி, நிகழ்ச்சிப் பக்கம் போன்றவை பொருத்தம். பணம் செலுத்தும் பக்கம் வேண்டாம். யாரும் பார்க்காத மூலையும் வேண்டாம், வெற்றி பெற்றாலும் அதை யாரும் நம்ப மாட்டார்கள். வெற்றியின் அளவுகோலைத் தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: பேக்கப்பிலிருந்து 2 மணி நேரத்துக்குள் மீட்க முடிந்ததா, பேட்ச் வந்து எத்தனை மணியில் ஏறியது, எழுதுபவர் உதவி கேட்காமல் ஒரு பக்கத்தை வெளியிட முடிந்ததா.

நுட்பக் கோளாறுகளில் மிகவும் அலைக்கழிப்பது எழுத்துக் குறியாக்கம். பழைய டேட்டாபேஸ் அட்டவணை லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துக்கான பழைய குறியாக்கம்) என்று அறிவிக்கப்பட்டு உள்ளே யூடிஎஃப்-8 (எல்லா மொழிக்குமான குறியாக்கம்) பைட்டுகள் கிடந்தால், ஏற்றுமதியின்போது இரண்டாம் முறை குறியாக்கம் நடந்து எழுத்தெல்லாம் குப்பையாகும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் பழைய யூடிஎஃப்8 வகை ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழ் எழுத்து 3 பைட்டில் அடங்கும், எமோஜிக்கு 4 வேண்டும். தவறான தரவை மறுக்கும் கண்டிப்பு முறை அணைந்திருந்தால் எமோஜி வந்த இடத்தோடு கட்டுரை வெட்டுப்பட்டுவிடும், பிழைச் செய்தியும் வராது. இலக்கு அட்டவணைகளை யூடிஎஃப்8எம்பி4 ஆக்கிவிட்டு, எமோஜி உள்ள பத்துப் பக்கங்களைக் கண்ணால் பாருங்கள்.

வேர்ட்பிரஸ் பக்க முகவரிப் பகுதியில் 200 குறிகள்தான் சேமிக்கும். தமிழில் எழுதினால் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியாக்கத்தில் (முகவரிக்காக % குறிகளோடு எழுதும் வடிவம்) 9 இடம் பிடிக்கும். 22 குறிகளுக்கு மேல் வெட்டுப்படும். மெய்யும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், இது கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளில் இன்னும் குறைவு. தலைப்புகளின் தொடக்கம் ஒன்றுபோல் இருந்தால் முகவரிகள் 2, 3 என்று வால் முளைத்து நிற்கும், பழைய முகவரிப் பட்டியலோடு பொருந்தாது. முகவரியைக் கையால் சுருக்கமாக எழுதுவதே வழி.

வேர்ட்பிரஸின் எக்ஸ்எம்எல் ஏற்றுமதிக் கோப்பில் படங்கள் இருக்காது, அவற்றின் முகவரிதான் இருக்கும். இறக்குமதி செய்யும்போது பழைய தளத்திலிருந்து அவை இழுக்கப்படும். எனவே பழைய தளத்தை முதலில் மூடிவிட்டால் படங்கள் போயின. தளத்தின் முகவரி மாறும்போது டேட்டாபேஸில் நேரடி எஸ்க்யூஎல் மாற்றீடு செய்யாதீர்கள். அமைப்புகள் பலவும், சரத்தின் நீளத்தையும் சேர்த்தே எழுதும் பிஎச்பி வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன. முகவரியின் நீளம் மாறினால் எண் பொருந்தாமல் விட்ஜெட்டுகளும் தோற்ற அமைப்புகளும் சத்தமில்லாமல் காணாமல் போகும். வேர்ட்பிரஸைக் கட்டளை வரியில் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி மாற்றும் கட்டளை நீளத்தையும் திருத்திக்கொள்ளும்.

குறித்த நேரத்தில் வெளியாக வேண்டிய அறிவிப்பு வெளியாகவில்லை என்ற புகார் வரும். வேர்ட்பிரஸின் உள் நேரங்காட்டி யாராவது தளத்தைத் திறந்தால்தான் ஓடும். பார்வையாளர் குறைந்த முன்னோட்டத் தளத்தில் இது கட்டாயம் நடக்கும். அதை அணைத்துவிட்டு சர்வரின் கிரான் (நேரம் குறித்து வேலையை இயக்கும் வசதி) மூலம் 5 நிமிடத்துக்கு ஒருமுறை இயக்குங்கள். படிவ மின்னஞ்சல்கள் ஸ்பேமில் விழுந்தால், சர்வரே நேரடியாக அனுப்புவதை நிறுத்தி, அனுப்புநரை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் அமைக்கப்பட்ட மின்னஞ்சல் சேவை வழியாக அனுப்புங்கள். தளம் மாறும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ் ஆயுளை (தளத்தின் முகவரியைப் பிற சர்வர்கள் நினைவில் வைக்கும் நேரத்தை) 300 வினாடியாகக் குறைத்துவிடுங்கள். பழைய முகவரிகள் ஒவ்வொன்றுக்கும் 301 திருப்பம் (நிரந்தரமாக இடம் மாறியது என்ற குறிப்பு) போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்புவது தேடுபொறிக்கும் பிடிக்காது, தேடி வந்தவருக்கும் பிடிக்காது.

எப்போது வாடகைச் சேவையே சரி

பேட்ச் பார்க்க ஒருவர்கூட இல்லை, பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் பணம் ஒதுக்க மாட்டார்கள் என்றால் திறந்த மூலத்தைப் பரிந்துரைக்காதீர்கள். கவனிப்பாரற்ற வேர்ட்பிரஸ், கவனிப்புள்ள மூடிய சேவையைவிட மோசம். பணப் பரிவர்த்தனை, மருத்துவப் பதிவு போன்றவற்றுக்குத் தணிக்கைச் சான்று கேட்கப்படும் இடங்களிலும், அந்தச் சான்றைத் தரும் ஒப்பந்ததாரர் கிடைக்காவிட்டால் விலகி நிற்பதே நல்லது. பொதுவாகச் சான்று பெறுவது மென்பொருள் இல்லை, அதை நடத்தும் அமைப்புதான்.

மற்ற இடங்களில், இரண்டு பக்க முன்மொழிவு போதும். முதல் பக்கத்தில் நான்கு வழிகளுக்கும் மூன்றாண்டு மணிக்கணக்கும் பணமும். இரண்டாம் பக்கத்தில் பொறுப்பாளர் பெயர்கள், பேட்ச் நேர வரம்பு, முன்னோட்டத்தின் அளவுகோல், தோற்றால் பழைய நிலைக்குத் திரும்பும் முறை. நீங்கள் விரும்பும் வழியின் குறைகளையும் அதில் நீங்களே எழுதுங்கள். எதிர்ப்பவர் கண்டுபிடித்துச் சொல்லும் குறை, நீங்கள் முன்பே சொன்ன குறையைவிடப் பெரிதாகத் தெரியும். கூட்டத்துக்கு முன் தளத்தில் தினமும் எழுதும் ஊழியர் ஒருவரை முன்னோட்டத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். “எங்களுக்கு இது எளிதாக இருக்கிறது” என்று அவர் சொல்வதற்கு, தொழில்நுட்பப் பிரிவு சொல்வதைவிட எடை அதிகம்.

பதில் “வேண்டாம்” என்று வந்தாலும் கையோடு செய்ய ஒரு வேலை உண்டு. வாடகைச் சேவையின் அடுத்த புதுப்பிப்பு ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: உள்ளடக்கமும் படங்களும் பயனர் தரவும் பொது வடிவத்தில் எப்போது கேட்டாலும் கிடைக்க வேண்டும், சேவையை நிறுத்துவதானால் குறைந்தது 12 மாத முன்னறிவிப்பு வேண்டும், ஒப்பந்தம் முடிந்தபின் 90 நாள் தரவு அழிக்கப்படாமல் இருக்க வேண்டும். இதற்கு நிர்வாகம் மறுப்புச் சொல்லக் காரணம் இருக்காது. கையெழுத்தான மாதமே அந்த ஏற்றுமதியை ஒருமுறை எடுத்து, ஒரு சோதனை சர்வரில் திறந்து பாருங்கள். எத்தனை பக்கம் வந்தது, எத்தனை படம் விடுபட்டது என்று குறித்து வையுங்கள். அடுத்த முன்மொழிவின் மாற்றச் செலவுக் கணக்கை அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்கலாம்.